கரைக்குக் கீழே ஒரு பாதை

செப்டெம்பர் 14

படகில் குடிவந்து மூன்று நாட்கள். முழங்கை சுவரில் இடிக்காமல் திரும்பப் பழகிவிட்டேன். தலை இடிக்காமல் நிமிர இன்னும் பழகவில்லை.

இதை நாரோபோட் என்கிறார்கள். ஒருகாலத்தில் இங்கிலாந்தின் கால்வாய்களில் நிலக்கரி ஏற்றித் திரிந்த ஒடுங்கிய நீளப் படகு. இப்போது அதற்குள் ஒரு கட்டில், ஒரு இரும்பு அடுப்பு, ஒரு மேசை, நான். ஹேஸல்டன் கரையில் இப்படி ஒன்பது படகுகள் வரிசையாகக் கட்டியிருக்கின்றன. கால்வாய் இங்கே உயரமான மண் கரையின் மேல் ஓடுகிறது. கரைக்குக் கீழே புல்வெளி, செம்மறியாடுகள். ஆடுகளின் தலைக்கு மேலே தண்ணீர் நிற்கிறது. பௌதிகம் படித்தவளுக்கு இது ஆச்சரியமாக இருக்கக்கூடாது. இருந்தது.

மாலையில் பக்கத்துப் படகு க்ளெனிஸ் கூரையில் தட்டி என்னை வெளியே கூப்பிட்டாள். அறுபது தாண்டிய வெல்ஷ்காரி, முன்பு பஸ் ஓட்டியவள், இந்தக் கரையின் செயலாளர். இங்கே எல்லோரும் ஆங்கிலத்தில் சொல்வதை நான் என் தமிழில்தான் எழுதிக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால் க்ளெனிஸ் இப்படித்தான் கதைத்திருப்பாள்:

“மார்ச் வரைக்கும் பார்ப்பம் பிள்ளை. பிறகு எல்லாரும் கூடி முடிவெடுப்பம். ஒரு படகு வேண்டாமெண்டாலும் நீ வேற இடம் பார்க்க வேணும். பயப்பிடாதை, இதுவரைக்கும் ரெண்டு பேரைத்தான் துரத்தினது.”

“ஏன் துரத்தினது?”

“ஒருத்தன் ராவில எஞ்சின் ஓட்டினவன். மற்றவன்...” கொஞ்சம் யோசித்தாள். “மற்றவனை ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை.”

படுத்த பிறகு அந்த மற்றவனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

செப்டெம்பர் 21

நடைபாதையில் எதிர்ப்படும் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர்கள் நின்றுவிடுவார்கள். வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனவள், ஒருவருடைய முழங்கால் சத்திரசிகிச்சையின் முழு வரலாற்றோடும் அரை வாளித் தண்ணீரோடும் திரும்பினேன்.

ஞாயிறுகளில் பாலத்தடியில் தேத்தண்ணி. அங்கே தகரக் கூரையின் கீழ் தடித்த பலகைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதுதான் உட்காரும் வாங்கு. பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, திருத்த வேண்டிய விடைத்தாள்கள் இருக்கின்றன என்று எழுந்து வந்தேன். அது பொய் இல்லை. தொலைக்கல்வி மாணவர்களின் விடைத்தாள்கள் எனக்கு எப்போதும் இருக்கின்றன.

இவர்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழுவும் உண்டு. சேருவது பற்றி யோசிக்கிறேன் என்று க்ளெனிஸிடம் சொன்னேன். யோசிக்கவில்லை.

செப்டெம்பர் 28

நல்ல செய்தி. பாலத்துக்குப் பக்கத்தில் கல்படி ஒன்று கீழே இறங்குகிறது. அதில் இறங்கினால் கரையின் அடியோடு ஒரு ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் முட்செடி மூடிய கரை, மறுபக்கம் வறண்ட ஒரு சிறு வாய்க்கால், அதற்கப்பால் புல்வெளி. படகுக்காரர் யாரும் அங்கே நடப்பதில்லை. கடைக்குப் போக அதுதான் சுற்றுவழி, ஆனால் ஆடுகள் காலை வணக்கம் எதிர்பார்ப்பதில்லை.

ஒக்டோபர் 9

அண்ணா பேசினார். ஹரோவில் அவர் வீட்டுப் பின் அறைக்கு எனக்கென்று வெளிர்மஞ்சள் பூசியாயிற்றாம்.

“எத்தினை நாளைக்குத் தர்மி உந்தத் தகரப் பெட்டிக்குள்ள? ஐம்பது வயசாகப் போகுது. சனம் என்ன கதைக்குது தெரியுமே?”

“தெரியாது அண்ணா. இஞ்ச தமிழ்ச் சனம் இல்லை.”

“பகிடி விடாதை. நீ வந்தா அண்ணியின்ர அம்மாவுக்கும் ஒரு துணை.”

அண்ணியின் அம்மாவால் தனியாகக் குளியலறைக்குப் போக முடியாது. அண்ணாவும் அண்ணியும் வேலைக்குப் போகிறவர்கள். துணை என்ற சொல்லை அண்ணா எவ்வளவு மென்மையாகச் சொல்கிறார்.

அறைக்கதவுக்குப் பூட்டு இருக்கிறதா என்று கேட்டேன். “எங்கட வீட்டில என்னத்துக்குப் பூட்டு?” என்றார்.

இந்தக் கரையை விட்டால் எனக்குத் தெரிந்த இடம் அந்த அறைதான். படகை வாங்கிய பிறகு என்னிடம் வேறு எதற்கும் வழியில்லை. வேறு கரைகளிலெல்லாம் இடம் கிடைக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நவம்பர் 4

அடுப்பு எரிகிறது. நானே பற்றவைத்தேன். படகு முழுவதும் கதகதப்பு, ஜன்னல் முழுவதும் நீர்த்துளி.

சாம்பலை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. கேட்டால் சொல்வார்கள், சொல்லிவிட்டு உள்ளே வந்து அடுப்பையும் பார்ப்பார்கள், பிறகு படகைப் பார்ப்பார்கள், பிறகு நான் ஏன் தனியாக இருக்கிறேன் என்று பார்ப்பார்கள். சாம்பலை ஆறவைத்து, தடித்த பையில் கட்டி, முன்தளத்துக்குக் கீழே உள்ள பெட்டியில் வைத்தேன். ஒரு பை என்ன இடத்தை அடைத்துவிடப் போகிறது.

நவம்பர் 19

கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து விழித்தேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மேசையிலிருந்த கோப்பைகள் எல்லாம் கீழே. என் நீலக் கேத்தல் மட்டும் உடையவில்லை. கல்யாணமாகிப் போயிருந்த அந்த வீட்டிலிருந்து நான் எடுத்து வந்த ஒரே பொருள் அது.

கதவைத் திறந்தால் வெளியே அத்தனை பேரும். கால்வாயில் தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. மற்றப் படகுகள் தண்ணீரோடு சேர்ந்து இறங்கி அமைதியாக நின்றன. என் படகு மட்டும் கயிற்றில் தொங்கியது. நான்தான் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தேன். தளர்வு விட்டுக் கட்ட வேண்டுமாம்.

ரோய் நடந்து வந்தார். பாலத்திலிருந்து நாலாவது படகு அவருடையது. இருபது வருடமாக இங்கே இருப்பவர். பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் நித்திரை. என் கயிற்றை ஒரு விரலால் சுண்டிப் பார்த்தார்.

“கதவைத்தான் இறுக்கிச் சாத்திறீர் எண்டு பார்த்தா, கயிறையுமோ?”

எல்லோரும் சிரித்தார்கள். அது பரவாயில்லை. பிறகு அவர் சொன்னதுதான்.

“நேற்று லொக்கால கடைசியா வந்தது ஆர்?”

கரையின் மேற்கு முனையில் லொக் இருக்கிறது. கால்வாய் அங்கே ஒரு படி கீழே இறங்குவதால், படகைத் தொட்டிக்குள் விட்டு, சிறு மதகுகளைத் திருகித் திறந்து, தண்ணீரோடு ஏற்றி இறக்குவார்கள். மதகை மூட மறந்தால் இரவு முழுவதும் தண்ணீர் கீழே ஓடிவிடும். நேற்று டீசல் வாங்கப் போய்த் திரும்பியவள் நான்.

“நான் மூடினனான்” என்றேன்.

“ஆ?”

“மூடினனான்.”

“பிள்ளை, கொஞ்சம் உரத்துச் சொல்லு. எஞ்சின் சத்தத்தில பழகின காது எங்களுக்கு” என்றாள் க்ளெனிஸ்.

மூன்றாம் முறை சொல்லவில்லை. உள்ளே போய்க் கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினேன். லொக்கைப் போய்ப் பார்த்த ஒருவர், மதகுகள் மூடித்தான் இருக்கின்றன என்று வந்து சொன்னதும் கேட்டது. “காலமை ஆரும் மூடியிருப்பினம்” என்றார் ரோய்.

நவம்பர் 20

மூடினேன். மதகுச் சக்கரத்தின் கடைசிப் பல் விழுந்த சத்தம் கேட்டது. கைப்பிடியைக் கழற்றி இடுப்பில் செருகினேன். மூடினேன்.

பதினெட்டு வருடம் நான் அணைத்த அடுப்பை அணைக்கவில்லை என்றும், நான் பூட்டிய கதவைப் பூட்டவில்லை என்றும் ஒரு குரல் தாழ்ந்த தொனியில் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டில் யாரும் சத்தமாகக் கதைப்பதில்லை. கடைசியில் நானே எழுந்துபோய் எல்லாவற்றையும் மறுபடி பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

இதைப் பற்றி எழுத உட்காரவில்லை. மூடினேன் என்று எழுதத்தான்.

நவம்பர் 23

பராமரிப்பு ஆட்கள் மேலிருந்து தண்ணீர் விட்டு நிரப்பிவிட்டார்கள். பாலத்தின் கற்சுவரில், நீர்மட்டத்தில், சோக்கால் ஒரு கோடு போட்டேன். யார் சொல்வதையும் நம்பத் தேவையில்லை. என்னையும்தான்.

டிசெம்பர் 12

கோடு தண்ணீருக்கு மேலே தெரிகிறது. குளிரில் படகு எதுவும் அசையவில்லை. லொக்கை யாரும் திறக்கவில்லை. க்ளெனிஸிடம் சொன்னேன். ஞாயிற்றுத் தேத்தண்ணியில் அவள் அதைச் சபையில் வைத்தாள்.

“வாத்துகளுக்குத் தண்ணி விடாய் எடுத்திருக்கும்” என்றார் ரோய்.

டிசெம்பர் 25

கதவடியில் க்ளெனிஸ் ஒரு தட்டு நிறையப் பழப் பணியாரம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க முடியாதல்லவா. மீன் கட்லட் பொரித்து வைத்துக் கொடுத்தேன்.

டிசெம்பர் 29

தட்டு இஞ்சிக் கேக்கோடு திரும்பி வந்தது. இது எங்கே போய் முடியும்?

ஜனவரி 16

தட்டு இன்னும் போய் வந்துகொண்டிருக்கிறது. முன்தளப் பெட்டியில் சாம்பல் பைகளுக்கு இனி இடமில்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு சாம்பலை எங்கே கொட்டுவது என்று எப்படிக் கேட்பது? பைகளைக் கட்டிலுக்குக் கீழே வைக்கத் தொடங்கியிருக்கிறேன். சாம்பலின் மேல் படுத்திருக்கிறேன் என்று அண்ணாவிடம் சொல்லக்கூடாது.

பெப்ரவரி 11

மழை. மழை. அண்ணா பேசினார். மார்ச் கடைசியில் வான் கொண்டு வரட்டுமா என்றார். கூட்டம் முடியட்டும் என்றேன். “அதுக்குள்ள உன்னைப் பிடிச்சுப்போகுமே அவைக்கு?” என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. என்னைத் தெரிந்தவர்.

பெப்ரவரி 18

மழை விட்டது. கீழ்ப்பாதையில் நடந்தேன். வறண்டு கிடக்கும் வாய்க்காலில் ஒரு இடத்தில் தண்ணீர் ஊறியிருந்தது. தெளிந்த தண்ணீர். இத்தனை மழைக்கு ஊறாவிட்டால்தான் அதிசயம்.

பெப்ரவரி 20

நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

மதியம் கீழ்ப்பாதையில் போனேன். இரண்டு நாளாக மழையில்லை, ஆனால் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சத்தம்தான் கேட்டது. பிறகு நிறத்தைப் பார்த்தேன். பால் விட்ட தேத்தண்ணி போல. தெளிந்த தண்ணீர் என்றால் மழைத் தண்ணீர். கலங்கி வந்தால் கரையின் மண்ணும் கூட வருகிறது என்று அர்த்தம். முட்செடியை விலக்கினேன். கரையின் அடியில் என் கை நுழையும் அளவு ஒரு துளை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டி மண் பெயர்ந்து விழுந்தது. நிமிர்ந்தால், நேர் மேலே ரோயின் படகு. பகல். அவர் உள்ளே நித்திரை.

என்னைச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. உண்மையாகவே கலங்கலா? முயல் வளையாக இருந்தால்? எல்லோரையும் கூட்டிவிட்டு ஒன்றுமில்லாமல் போனால்? மார்ச் கூட்டத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான். இப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு நவம்பரையும் சோக்குக் கோட்டையும் நினைத்தேன். தண்ணீர் அப்போதிருந்தே இந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் மதகை மூடினேன்.

போனை எடுத்தேன். படகுக்காரர் ஒருவருடைய எண்ணும் அதில் இல்லை. கல்படி தூரத்தில் இருந்தது.

கத்தினேன்.

“ஓடி வாங்கோ! எல்லாரும் ஓடி வாங்கோ! கரை உடையப் போகுது! ஓடி வாங்கோ!”

தமிழில் கத்தினேன் என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குள் இப்படி ஒரு குரல் இருப்பதும் தெரியாது. ஆடுகள் எல்லாம் புல்வெளியின் மறுகோடிக்கு ஓடின. மேலே கதவுகள் திறக்கும் சத்தம் வரிசையாகக் கேட்டது. முதலில் ரோயின் தலை தெரிந்தது, போர்வையோடு.

“என்ன கோதாரி அங்க?”

நான் வாய்க்காலைக் காட்டினேன். அவர் நிறத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு போர்வை கீழே கிடந்தது.

“பலகை! க்ளெனிஸ், பலகை!”

ஞாயிறுகளில் நாங்கள் உட்காரும் அந்தப் பலகைகள் வாங்கு இல்லை. பாலத்தடியில் கால்வாய் ஒடுங்கும் இடத்தில், இரு பக்கச் சுவரிலும் நெடுக்காக வெட்டிய பள்ளங்கள் இருக்கின்றன. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அதில் இறக்கினால் கால்வாய்க்குக் குறுக்கே ஒரு சுவர் எழும்பும். மறுமுனையில் லொக் கதவு. இடையில் எங்கள் துண்டு மட்டும் தனியாகும். இல்லாவிட்டால் பாலத்துக்கப்பால் மைல் கணக்கில் நிற்கும் அத்தனை தண்ணீரும் அந்தத் துளையால் வெளியே வரும், ஒன்பது படகுகளையும் இழுத்துக்கொண்டு.

நான் கல்படியேறி வந்தபோது இரண்டு பேர் ரோயின் படகைக் கயிற்றால் இழுத்து நகர்த்திக்கொண்டிருந்தார்கள். க்ளெனிஸ் ஒரு காதில் போனை வைத்துப் பராமரிப்பு ஆட்களைத் திட்டிக்கொண்டே மறு கையால் பலகை இழுத்தாள். ஒரு பலகையின் மறுமுனைக்கு ஆள் இல்லை. நான் பிடித்தேன். எதிர்ச் சுவரில் ரோய். 

“இறக்கும்! சரிவா விடாதையும்! நேர, நேர! உம்மட பக்கம் தூக்கும்!”

“நீங்கள் உங்கட பக்கத்தை இறக்குங்கோவன்!” என்று கத்தினேன்.

இறக்கினார்.

கடைசிப் பலகை விழுந்தது. ஆனால் இடுக்குகளால் தண்ணீர் பீறிட்டது. பலகைகள் பழையவை.

“சாம்பல் வேணும்” என்றார் ரோய். “பலகைக்கு அங்கால கொட்டினா, தண்ணி தானா இழுத்து இடுக்கை அடைச்சிடும். ஆரிட்டையும் சாம்பல் இருக்கே?”

“வாளியில கொஞ்சம் கிடக்கு” என்றாள் க்ளெனிஸ். “மிச்சத்தைத் திங்கட்கிழமைதானே லொறி கொண்டுபோனது.”

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திங்கட்கிழமைகளில் சாம்பல் லொறி வருவது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“என்னட்டை இருக்கு” என்றேன்.

“எவ்வளவு?”

“வந்து தூக்குங்கோ.”

ஒரு மனிதப் பிறவி இன்னும் என் படகுக்குள் கால் வைத்ததில்லை. இன்று ஆறு பேர் சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே போய் வந்தார்கள். முன்தளப் பெட்டியிலிருந்து, கட்டிலுக்குக் கீழிருந்து, குளியலறையிலிருந்து. பை மேல் பையாக வெளியே வர வர, அவர்கள் முகம் போன போக்கை நான் பார்க்காதது போல இருந்தேன். குளிர்காலம் முழுவதும் எரிந்த சாம்பல். பைகளை அறுத்துக் கொட்டினோம். தண்ணீர் சாம்பலை இழுத்துக்கொண்டு இடுக்குகளுக்குள் போனது. பீறிடல் ஒழுக்காகி, ஒழுக்குக் கசிவாகி, நின்றது. என் வாழ்நாளில் இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

பொழுதுபடும் நேரத்தில் கரை விழுந்தது. ரோயின் படகு நின்ற இடத்தில் ஒரு வான் நுழையும் அளவுக்கு மண் சரிந்து, எங்கள் துண்டுத் தண்ணீர் புல்வெளியில் பரந்தது. அவ்வளவுதான். பலகைகள் அசையவில்லை. படகுகள் மெல்ல இறங்கிச் சேற்றில் உட்கார்ந்தன. என் படகும் மற்றவற்றைப் போலவே நேராக உட்கார்ந்தது.

எல்லோரும் க்ளெனிஸின் படகில் நெருங்கி நின்று சூப் குடித்தோம். பிறகு ரோய் கேட்டார்:

“ஏன் அவ்வளவு சாம்பலையும் வைச்சிருந்தனீர்?”

“எங்க கொட்டிறதெண்டு தெரியாது.”

“கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருக்கலாம்” என்றேன்.

க்ளெனிஸ்தான் முதலில் சிரித்தாள். பிறகு படகே குலுங்கியது. நானும் சிரித்தேன். வயிறு நொந்தது.

பெப்ரவரி 21

பராமரிப்புப் பொறியியலாளர் வந்து பார்த்தார். இந்தக் கசிவு மாதக்கணக்கானது, நவம்பரில் தண்ணீர் இறங்கியதும் இதனால்தான் இருக்கும் என்றார். ரோய் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. மாலையில் கதவடியில் சுடச்சுட ஒரு பாண் இருந்தது.

மார்ச் 14

கரையைக் கட்டித் தண்ணீர் விட்டாயிற்று. கூட்டம் பாலத்தடியில், பலகைகளின் மேல் உட்கார்ந்து.

க்ளெனிஸ் ஒவ்வொரு படகாகக் கேட்டாள். ஓம். ஓம். ஓம். ரோய் கடைசி.

“எனக்கு ஒரு ஆட்சேபனை இருக்கு” என்றார்.

வெளிர்மஞ்சள் அறை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

“இஞ்ச நீங்கள் எல்லாரும் இவவோட சேர்ந்து கீழ்ப்பாதையில நடக்கப்போறதாக் கதைக்கிறியள். நேற்றும் ரெண்டு பேர் கேட்டவை. அது கூடாது. ரெண்டு பேர் போனாக் கதைப்பினம். கதைச்சா ஒண்டும் பார்க்க மாட்டினம். இருவது வருஷமா நாங்கள் மேல நிண்டு கதைச்சுக்கொண்டுதான் இருந்தம், ஒருத்தன் கீழ பார்த்தவனே? இவ தனியத்தான் போகவேணும். ஒருத்தரும் வணக்கம் சொல்லி மறிக்கக்கூடாது. அதை எழுதினா என்ர ஓம்.”

க்ளெனிஸ் எழுதினாள். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கிவிட்டேன். எனக்கு வாக்கு இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு க்ளெனிஸ் கேத்தலை இறக்கி வைத்துவிட்டு, படகுகளில் மிஞ்சி நின்றவர்களைப் பார்த்துக் கைகளை வாயில் குவித்து, தமிழிலேயே கத்தினாள்.

“ஓடி வாங்கோ!”

இப்போது இங்கே தேத்தண்ணிக்கும் அதுதான், உதவிக்கும் அதுதான். கேக் வெட்டினாலும் அதுதான். உச்சரிப்பு படுமோசம். நான் திருத்தவில்லை.

கேக் கையில் இருக்கும்போதே அண்ணா பேசினார்.

“அண்ணா, வான் வேண்டாம். அந்த அறைக்கு வேற ஆள் பாருங்கோ. அண்ணியின்ர அம்மாவுக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆளை வையுங்கோ. நான் மாசத்தில ஒருக்கா வந்து பார்க்கிறன்.”

“சரி சரி, அதுக்கு ஏன் தர்மி இப்பிடிக் கத்துறாய்?”

“கத்தேல்லை அண்ணா. எங்கட பக்கத்தில எல்லாரும் இப்பிடித்தான் கதைக்கிறது.”

மார்ச் 15

காலையில் கீழ்ப்பாதை. வாய்க்கால் வறண்டு கிடக்கிறது. ஆடுகள் என்னைக் கண்டதும் இன்னும் ஓடுகின்றன. மேலே ரோய் கூரையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டார். வாயைத் திறந்தார். நினைவு வந்து மூடிக்கொண்டார்.

காலை வணக்கத்தை நானே சொன்னேன்.